பச்சை அடிக்க முடியாத ஜீப்

பழைய ராணுவ ஜீப் ஒன்றை நீங்கள் வாங்கலாம். வீட்டு வாசலில் நிறுத்தி, ஞாயிறுதோறும் கழற்றிப் பூட்டலாம். நின்றுபோன இன்ஜினுக்கு மறுபடி உயிர் கொடுக்கலாம். ஆனால், ராணுவத்தில் இருந்தபோது அது என்ன நிறத்தில் இருந்ததோ, அந்த நிறத்தை அடித்துக்கொண்டு ஆற்காடு சாலையில் ஓட்ட முடியாது.

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி அப்படிச் சொல்கிறது. 'ஆலிவ் கிரீன்' என்கிற அந்த மங்கலான பச்சை, பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. வேறு எந்த வண்டிக்கும் அந்தப் பச்சை கூடாது. யோசித்தால் நியாயம்தான். பச்சை பெயின்ட் ஒரு டப்பா வாங்கி அடித்துக்கொண்டு எவர் வேண்டுமானாலும் ராணுவ வண்டி போல வேஷம் போட்டுவிட முடியும் என்றால் அது ஆபத்து. ஆனால், 'ஒரிஜினலாக மீட்டெடுக்கிறேன்' என்று ஆசையோடு இறங்குகிறவருக்கு முதல் நாளே முட்டுச்சந்து. எந்த ஒரிஜினலை மீட்பது?

பழைய காரை மீட்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இவ்வளவு கிடையாது. வடபழனியிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. 2023 மே மாதம் ஏ.வி.எம். ஸ்டுடியோ வளாகத்தில் ஹெரிடேஜ் மியூசியத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். தயாரிப்பாளர் எம்.எஸ்.குகன் பல வருடங்களாகத் தேடிச் சேர்த்த பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே பளபளவென்று நிற்கின்றன. கூடவே ஏ.வி.எம். படங்களுக்கு உழைத்த கேமராக்களும் கருவிகளும். ஒரு காரைப் பொறுத்தவரை, அது ஷோரூமிலிருந்து வெளியே வந்த நாள் என்று ஒன்று உண்டு. அந்த நாளின் நிறம், அந்த நாளின் விளக்கு, அந்த நாளின் சீட்டுத் துணி. அதற்குத் திரும்பிப் போனால் வேலை முடிந்தது.

ராணுவ ஜீப்புக்கு அப்படி ஒரு நாள் இல்லை. அது ஒரு பிறவியில் பல ஜென்மம் எடுத்த வண்டி.

49 நாளில் பிறந்தது

1940-ல் ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டிருந்தது. அமெரிக்க ராணுவம் தனக்கு ஒரு சின்ன, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளிடம் கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள். பெரிய கம்பெனிகள் தயங்கின. நொடித்துப்போயிருந்த பேன்டம் என்கிற சின்ன கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்கிற இன்ஜினீயரை வைத்துக்கொண்டு துணிந்து இறங்கியது. செப்டம்பர் 23-ம் தேதி, கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால், கேட்ட எண்ணிக்கையில் செய்து தர அதற்குத் தெம்பில்லை. பெரிய ஆர்டர் வில்லீஸ் கம்பெனிக்கும், அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டு கம்பெனிக்கும் போனது. உழைத்தவன் ஒருவன், பெயர் வாங்கியவன் இன்னொருவன் என்கிற பழைய கதைதான்.

போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. அவற்றில் ஒரு பகுதி பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கும் வந்தது. பர்மாவில் டயரைக் கழற்றிவிட்டு ரயில் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் சரக்குப் பெட்டிகளை இழுக்கவும் ஜீப்பைப் பயன்படுத்தினார்கள்.

போர் முடிந்தது. 'டிஸ்போசல்' என்ற வார்த்தை தமிழுக்குள் வந்தது. ராணுவம் கழித்துவிட்ட லாரி, ஜீப், கூடாரத் துணி, பூட்ஸ் எல்லாம் டிஸ்போசல் சாமான்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இந்த வார்த்தை ஞாபகம் இருக்கும்.

இந்தியாவில் ஜீப்புக்கு அடுத்த பிறவியைக் கொடுத்தது மஹிந்திரா. 1945-ல் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்ற பெயரில் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கிய கம்பெனி அது. பிரிவினைக்குப் பிறகு கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் நிதியமைச்சராகிவிட, 1948-ல் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. இனிஷியல் மட்டும் மாறவில்லை! 1947-லேயே வில்லீஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்திருந்தார்கள். பிறகு வந்த சி.ஜே.3பி மாடல்தான் கலெக்டர் ஜீப்பாக, பி.டி.ஓ. ஜீப்பாக, போலீஸ் ஜீப்பாக, தேர்தல் நேரத்தில் மைக் கட்டிய ஜீப்பாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் புழுதி கிளப்பியது. போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேலையை இந்தக் குடும்பத்து ஜீப்புகள் இன்னமும் விடவில்லை.

இன்னொரு வகை, ஜோங்கா. 1969-லிருந்து 1999 வரை ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நிசான் பேட்ரோல் வண்டியை அடிப்படையாக வைத்துச் செய்தது. பெயரைக் கேட்டால் ஏதோ ஆப்பிரிக்க நதி போல இருக்கும். உண்மையில் அது 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி' என்பதன் ஆங்கில முதல் எழுத்துகளின் கோவை. ஆறு சிலிண்டர், சுமார் 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 2019-ல் தோனி ராஞ்சி சாலையில் ஒரு ஜோங்காவை ஓட்டிக்கொண்டு போன படம் பரவியபோதுதான், இப்படி ஒரு வண்டி இருந்ததே பல சி.எஸ்.கே. ரசிகர்களுக்குத் தெரிய வந்தது.

உங்கள் வண்டி யார்?

ஆக, 'பழைய மிலிட்டரி ஜீப்' என்று ஒருவர் விற்க வந்தால், அது போர்க்கால வில்லீஸா, ஃபோர்டா, ராணுவத்திலிருந்து ஏலத்தில் வந்த மஹிந்திராவா, அல்லது ராணுவத்தையே பார்க்காமல் பச்சை மட்டும் பூசிக்கொண்ட ஏதோ ஒரு எஸ்டேட் ஜீப்பா என்பதுதான் முதல் கேள்வி. இன்ஜின் ஓடுகிறதா என்பது அடுத்த கேள்வி.

சி.ஜே.3பி-யைக் கண்டுபிடிப்பது சுலபம். அதன் பானெட் உயரமாக நிமிர்ந்து நிற்கும். உள்ளே இருக்கும் இன்ஜின் உயரமானது என்பதால் மூடியையும் உயர்த்த வேண்டியதாயிற்று. போர்க்கால ஜீப்பின் பானெட் தாழ்ந்திருக்கும். முன்பக்கக் கிரில்லில் 9 திறப்புகள் இருக்கும். போருக்குப் பிறகு பொதுமக்களுக்காக வில்லீஸ் செய்த ஜீப்பில் அது 7 ஆகிவிட்டது.

வில்லீஸா, ஃபோர்டா என்று பார்க்கக் கீழே குனிய வேண்டும். ரேடியேட்டருக்கு அடியில் சேஸிஸின் இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் குழாய் போல உருண்டையாக இருந்தால் வில்லீஸ். கவிழ்த்த 'ப' வடிவத்தில் இருந்தால் ஃபோர்டு. இன்னொரு வேடிக்கை, ஃபோர்டு கம்பெனி தன்னுடைய போல்ட்டுத் தலையில்கூட 'எஃப்' என்று தன் முதல் எழுத்தைப் பொறித்து அனுப்பியது. பட்டறையில் கழற்றிப்போட்ட போல்ட்டுகளைத் துடைத்துப் பார்க்கும்போது நடுவில் ஓர் 'எஃப்' கண்ணில் பட்டால், 80 வருடத்துக்கு முந்தைய போல்ட் அது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹார்டுவேர் கடையில் பளபளக்கும் புதுசு வாங்குகிறவரை என்ன சொல்வது!

டேஷ்போர்டில் இருக்கும் பித்தளைத் தகட்டை மட்டும் நம்பிவிட வேண்டாம். அந்தத் தகடுகளைப் புதிதாகவே அச்சடித்து உலகம் முழுக்க விற்கிறார்கள். தகடு என்ன, பாடியே புதிதாகக் கிடைக்கிறது. போருக்குப் பின் அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி 'ஜீப்னி' என்ற பஸ்ஸாக்கிக் கொண்ட பிலிப்பைன்ஸில், போர்க்கால ஜீப்பின் முழு உடம்பையும் அச்சு மாறாமல் தகரத்தில் அடித்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியே இருக்கிறது. மனசும் பணமும் இருந்தால் பழைய ஜீப்பே இல்லாமல் ஒரு பழைய ஜீப்பைச் செய்துவிடலாம்.

எனவே நம்பத் தகுந்தது சேஸிஸில் அடித்திருக்கும் நம்பரும், கையில் இருக்கும் காகிதமும்தான். ஆர்.சி. புக்கில் இருக்கும் நம்பரும் இரும்பில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் ராணுவத்தின் விற்பனைக் கடிதம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் ஓடிய தடம் தெரிந்தால், எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது. டீக்கடை பெஞ்சில் பேசி, மறுநாளே டோ பண்ணிக் கொண்டுவந்த ஜீப்புகள் காகிதம் இல்லாமல் வருடக்கணக்கில் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பதற்கு இந்த அவசரம்தான் காரணம்.

உரித்தால் வரும் கதை

பெயின்ட்டை எடுப்பதுதான் இந்த வேலையிலேயே மிக ருசியான கட்டம். பலர் இதைத்தான் ஒரே மதியத்தில் நாசமாக்குகிறார்கள். பாடியைக் கழற்றி மணல் அடிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டால், சாயங்காலம் வெள்ளி போல இரும்பு திரும்பி வரும். துரு போயிருக்கும். கூடவே வண்டியின் ஜாதகமும் போயிருக்கும்.

அதற்குப் பதில், சன்னமான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பானெட்டின் பக்கவாட்டிலும் பம்பரிலும் பின்பக்கத் தகட்டிலும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். மேலே சிவப்பு. அதற்குக் கீழே வெளிர் நீலம். அதற்கும் கீழே மஞ்சள். இன்னும் கீழே போனால் பச்சை. பச்சையிலேயே இரண்டு மூன்று அடுக்கு இருக்கலாம். அந்த அடுக்குகளுக்கு நடுவே வெள்ளையாக ஓர் எழுத்தின் வால், ஓர் எண்ணின் வளைவு கிடைத்துவிட்டால் கையை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்திய ராணுவ நம்பர் மேல் நோக்கிய அம்புக்குறியில் தொடங்கும். அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள், வண்டி எந்த வருடம் ராணுவத்துக்கு வந்தது என்பதைச் சொல்லும். பம்பரில் வண்ணக் கட்டமோ சின்னமோ தெரிந்தால், அது எந்தப் படைப்பிரிவில் இருந்தது என்பதற்கான துப்பு. அமெரிக்க ராணுவத்தில் ஓடிய வண்டியாக இருந்தால் ஒரு நட்சத்திரம்கூட எட்டிப் பார்க்கலாம்.

வடபழனிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். சுற்றிலும் ஸ்டுடியோக்கள். ராணுவக் காட்சி, போலீஸ் காட்சி என்று சினிமாவுக்கு வாடகைக்குப் போய் வந்த ஜீப்பாக இருந்தால், நீங்கள் பரவசத்தோடு கண்டெடுக்கிற அம்புக்குறி, ஏதோ ஒரு படத்தின் கலை இயக்குநருடைய உதவியாளர் ராத்திரியோடு ராத்திரியாக வரைந்ததாகவும் இருக்கலாம். ஒரே ஒரு அடுக்கில், அதுவும் மேலாக இருந்தால் சினிமா. அடியோடு அடியாக, ப்ரைமருக்குப் பக்கத்தில் இருந்தால் நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால், சினிமா நம்பரையும் அழித்துவிடத் தோன்றாது என்பது வேறு விஷயம். அதுவும் அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கைதானே!

தேய்க்கும்போது ஒரு ஜாக்கிரதை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த நிலையில் கிரைண்டர் வைத்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைச் செய்யவே கூடாது. ஈரமாகத் தேய்த்து, வழியும் சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்துக் கட்டிப்போட வேண்டும். முகத்துக்கு நல்ல மாஸ்க், கைக்குட்டை போதாது.

"டீசல் போட்டுடலாம் சார்"

எந்தப் பட்டறையில் பானெட்டைத் திறந்தாலும் பத்து நிமிடத்தில் இந்த யோசனை வரும். "பெட்ரோல் குடிச்சே தீர்த்துடும் சார். நல்ல டீசல் இன்ஜின் ஒண்ணு கெடக்கு, போட்டுடலாம்." மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஊரில் ஓடிய பாதி பெட்ரோல் ஜீப்புகள் அப்படித்தான் டீசலுக்கு மாறி, இத்தனை காலம் தாக்குப்பிடித்தன. வேலைக்கு ஓடுகிற ஜீப்புக்கு அது சரியான வைத்தியம்.

மீட்டெடுக்கிற ஜீப்புக்கு அது விஷம். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. முதல் விற்பனைக்குப் பிறகு பதிவாகி 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 கட்டணம். பதிவு 10 வருடம் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' வரும். அந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

இதில் ராணுவ வண்டிக்காரர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது 'பதிவு' என்ற வார்த்தையை. வண்டி செய்தது 1965-ஆக இருக்கலாம். ராணுவத்தில் 20 வருடம் உழைத்து, ஏலத்தில் வெளியே வந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதல்முறை பதிவானது 1986-ஆக இருக்கலாம். வீட்டில் எல்லோரும் அறுபது வயது என்று கொண்டாடுகிற வண்டிக்கு ஆர்.சி. புக் கணக்கில் நாற்பதுதான் ஆகியிருக்கும். இன்ஜினில் கை வைப்பதற்கு முன் ஆர்.சி. புக்கின் இந்த ஒரு தேதியைப் பார்த்துவிட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது பல மாத வேலையைக் காப்பாற்றும்.

பழைய இன்ஜினை ஓட வைப்பது பலரும் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. வில்லீஸ் இன்ஜின் நாலு சிலிண்டர், 2,199 சி.சி., 60 குதிரைசக்தி. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. வருடக்கணக்கில் நின்று பிஸ்டன் இறுகியிருந்தால் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலும் ஆயிலும் ஊற்றி, நாள் கணக்கில் ஊறவிட வேண்டும். பிறகு கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு செல்ஃப் அடித்தால் ரிங்கு உடையும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ, 2023 மிக்ஜாம் மழையிலோ தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கியர் பாக்ஸ், முன்னும் பின்னும் உள்ள ஆக்ஸில் ஆகியவற்றின் ஆயிலை முதலில் திறந்து பார்க்க வேண்டும். பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பேரிங் எல்லாம் பார்த்தாக வேண்டும்.

பாகங்களுக்கு வெளிநாட்டை நம்ப வேண்டியதில்லை என்பது நம் ஊரின் வரம். மஹிந்திரா பல பத்தாண்டுகள் இதே வம்சத்தைச் செய்துகொண்டிருந்ததால், கூவம் ஓரத்துப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இரண்டு மூன்று நடை போனால் பல சாமான் கிடைத்துவிடும். கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். காயலான் கடையில் எடைக்குக் கிடக்கிற இரும்பிலும் சில சமயம் பொக்கிஷம் இருக்கும். ஆனால், பழைய பாகத்தை அடையாளம் பார்க்காமல் மாற்றிக்கொண்டே போனால், போர்க்கால ஜீப் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக மஹிந்திரா ஜீப் ஆகிவிடும். கழற்றிய எதையும் வேலை முடிகிறவரை எடைக்குப் போடாமல், சீட்டு எழுதிக் கட்டிப் பெட்டியில் வைப்பது உத்தமம்.

வீட்டு வாசலில் செய்கிறவர்களுக்கு

வடபழனி அபார்ட்மென்ட்டில் இதற்கெல்லாம் எங்கே இடம் என்று கேட்கலாம். போர்க்கால ஜீப்பின் நீளம் சுமார் 3.36 மீட்டர். ஒரு மாருதி ஆல்ட்டோவைவிடக் குறைவு. கார் நிற்கிற இடத்தில் வண்டி நின்றுவிடும். கழற்றிய சாமான்கள்தான் நிற்காது. அவை பால்கனிக்கும், பரணுக்கும், கட்டிலுக்கு அடியிலும் குடிவரும். அதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது. கீழ்வீட்டுக்காரரிடமும்தான்.

இடத்தைவிடப் பெரிய விஷயம், ஆபத்து. இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே. பழைய டேங்க் ஓட்டையாக இருந்தால், 'காலியாத்தானே இருக்கு' என்று அதில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்க்தான் வெடிக்கும். உள்ளே தங்கியிருக்கிற ஆவி போதும். அதற்கென்று டேங்க்கைக் கழுவி, ஆவி நீக்கி வேலை செய்யத் தெரிந்தவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காலத்து ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் அது அரித்துவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிக்கொள்வது அவசியம். வெளியே தெரியாது, ஒரிஜினல் கெடாது.

சக்கரத்துக்கு வருவோம். இடது பக்கச் சக்கரத்தின் நட்டு அசையவே இல்லையா? இன்னும் நீளமான குழாயை ஸ்பேனரில் சொருகி, இரண்டு பேர் ஏறி நிற்பதற்கு முன் ஒரு நிமிடம். இந்த ஜீப்புகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் தலைகீழ் மரை. வழக்கமாகக் கழற்றுகிற திசையில் திருப்பினால் இன்னும் இறுகும், கடைசியில் ஸ்டட் முறியும். எத்தனையோ ஜீப்புகளில் இடது பக்கம் மட்டும் புது ஸ்டட் இருப்பதன் ரகசியம் இதுதான்.

போர்க்கால ரிம் இரண்டு பாதிகளாகச் செய்து, நட்டு போட்டு இறுக்கியது. சக்கரத்தை ஹப்போடு பிடிக்கிற 5 நட்டு வேறு. ரிம்மின் பாதிகளைப் பிடிக்கிற நட்டுகள் வேறு. டயரில் காற்று இருக்கும்போது இந்த இரண்டாவது வகையைத் தளர்த்தினால் ரிம் பிளந்து ஆளையே தூக்கி அடித்துவிடும். வால்வையே கழற்றி, காற்றை முழுக்க இறக்கிய பிறகுதான் தொட வேண்டும்.

பிரேக் லைனிங் பழசாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றில் ஊதித் துடைக்கிற பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இதில் அது கூடாது. தண்ணீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஹைட்ராலிக் இணைப்பு. எங்கே ஒரு பைப் ஒழுகினாலும் நாலு பிரேக்கும் போய்விடும். அதனால் பிரேக்கில் பழசைக் காப்பாற்றும் ஆசையை விட்டுவிட்டு சிலிண்டர், பைப், ஹோஸ் எல்லாவற்றையும் புதுசாகவே போட வேண்டும். வண்டிக்குக் கீழே படுத்து வேலை செய்யும்போது செங்கல் அடுக்கி நிறுத்துவது நம் ஊரில் சகஜம். செங்கல் சொல்லிக்கொண்டு உடையாது. இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு வாங்குகிற காசு, இந்த வேலையின் செலவில் கால் தூசு.

சரி, என்ன நிறம்?

மியூசியத்திலோ சொந்தக் காம்பவுண்டுக்குள்ளோ நிற்கப்போகிற வண்டி என்றால் பிரச்னை இல்லை, கடைசி அடுக்கில் கண்ட பச்சையையே கொண்டுவரலாம். ஆனால், ஜீப்பை நிற்க வைப்பதற்காகவா இத்தனை பாடு? பெசன்ட் நகர் கடற்கரை வரையாவது ஒரு ஞாயிறு காலை ஓட்டிப்போக வேண்டாமா? (திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். உப்புக்காற்றுக்கு இந்தத் தகரம் லட்டு.)

ரோட்டில் ஓட வேண்டுமென்றால் பச்சையை விட்டுவிட வேண்டும். மணல் நிறம், சாம்பல், நீலம் என்று எதை அடித்தாலும் ஆர்.சி. புக்கில் இருக்கிற நிறத்தோடு அது பொருந்த வேண்டும். மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும். அம்புக்குறி நம்பரையும் படைச் சின்னத்தையும் பம்பரில் திரும்ப எழுதிக்கொள்ளும் ஆசையும் வேண்டாம்.

இதில் பலருக்கு வருத்தம் உண்டு. ஆனால், வேறு மாதிரியும் பார்க்கலாம். ராணுவத்தில் பத்துப் பதினைந்து வருடம் இருந்த ஜீப், அதற்குப் பிறகு நாற்பது வருடம் ஏதோ ஒரு தோட்டத்துக்கோ, கல்யாண வீட்டுச் சமையல் பாத்திரத்துக்கோ, தேர்தல் பிரசாரத்துக்கோ ஓடியிருக்கும். உரித்தபோது கண்ட அந்த நீலமோ மஞ்சளோ, ஒரு குடும்பம் அதற்குப் பிரியமாக அடித்த நிறம். அதுவும் ஒரிஜினல்தான். அந்த நீலத்தையே திரும்ப அடித்துவிட்டு, சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எல்லா அடுக்கும் தெரிகிற மாதிரி தேய்த்த இடத்தை அப்படியே வார்னிஷ் பூசி விட்டுவைக்கலாம். பார்க்கிறவர்களுக்குச் சீட்டைத் தூக்கிக் காட்டலாம்.

ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற அமெரிக்க ஜீப் என்றால் இன்னொரு வேலை பாக்கி. இடது ஸ்டியரிங் வண்டிகளில் ஒழுங்காக எரிகிற சிக்னல் கருவி இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-வது பிரிவு சொல்கிறது. டிரைவரின் கை ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. அவர் கை காட்டினால் பிளாட்பாரத்தில் போகிறவருக்குத்தான் தெரியும்! ஜீப் பிறந்தபோது இண்டிகேட்டர் கிடையாது, பேட்டரியும் 6 வோல்ட்தான். ஒரிஜினல் என்று பிடிவாதம் பிடிக்காமல் விளக்கைப் பொருத்திவிட வேண்டும்.

எல்லாம் முடிந்து முதன்முதலாக ஸ்டார்ட் செய்கிற நாளில், பேட்டரியில் அடிக்காமல் ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சுற்றலாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேல்பக்கமாக இழுக்க வேண்டும். கட்டைவிரலைச் சுற்றிக் கொடுத்துப் பிடித்திருந்து, இன்ஜின் ஒரு உதை திருப்பி உதைத்தால், அடுத்த ஆறு வாரம் மாவுக்கட்டோடு சீட்டில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்க முடியும்.